தையல் கடையில் தைராய்டு

ஜாக்கெட் தைக்கிற தொழிலில் வாடிக்கையாளரின் உடம்பு பெருத்தாலும் சரி, இளைத்தாலும் சரி, குற்றம் டெய்லர் மேல்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்தப் புடவைக்கு ஜாக்கெட் தைக்க உள்ளூர்க்காரர்கள் என்னிடம் வருகிறார்கள். பெரிய கடை இல்லை. ஒலிமுகமதுபேட்டைப் பக்கம் ஒரு அறை, இரண்டு மெஷின், துணி வெட்ட ஒரு மேஜை. நான் வெட்டித் தைப்பேன். என்னைவிட ஒரு வயசு சின்னவள் கோகிலா கொக்கி வைத்து ஓரம் மடித்துத் தைப்பாள். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தைராய்டு வந்த கதை இது. உங்களில் பாதிப் பேருக்கு இது சொந்தக் கதையாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

சுருங்கின துணி

சுமதி மேடம் அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கிறவர். பொங்கலுக்கு என்னிடம் ஆறு ஜாக்கெட் தைத்துக்கொண்டு போனார். சித்திரை பிறப்பதற்குள் ஆறையும் ஒரு பையில் போட்டு எடுத்துவந்து மேஜை மேல் வைத்தார். ஒன்றுகூடக் கை ஏறவில்லை, துணி சுருங்கிவிட்டது என்றார். நான் அளவு நோட்டைப் பார்த்துவிட்டு, டேப்பை எடுத்து மறுபடியும் அளந்தேன். கைச் சுற்றளவு ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. மார்பு இரண்டு அங்குலம். டேப்பை அவரிடமே காட்டினேன். டேப்பு பழசாகியிருக்கும் என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே யோசித்தார். காலையில் எழுந்தால் முதல் நாள் மூட்டை சுமந்த மாதிரி இருக்கிறது, மதியம் ஃபைல் மேலேயே தலை சாய்ந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. தையலைப் பிரித்து அகலப்படுத்தித் தருகிறேன் என்று ஆறையும் வாங்கி வைத்தேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "மூணு இட்லியை ரெண்டாக்கிட்டேன் பர்வீன். ரெண்டு இட்லி சாப்பிடுறவ எப்படி ஊதுவா, நீயே சொல்லு."

ஃபேன் சண்டை

அந்த வெயில் காலத்தில் எனக்கும் கோகிலாவுக்கும் ஃபேனால் சண்டை வந்தது. பத்து வருஷத்தில் அதுதான் முதல் சண்டை. அவள் போடுவாள், நான் நிறுத்துவேன். கருட சேவை நடக்கிற வைகாசி மாசம், தெருவே தகிக்கிறது, நான் மட்டும் துப்பட்டாவைத் தோள் சுற்றிப் போர்த்திக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தேன். விரல் நுனி சில்லென்று இருந்தது. ஊசியில் நூல் கோக்கும்போதே கண் சொக்கியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மலச்சிக்கலைப் பற்றி வெளியே சொல்லக் கூச்சம், அதனால் சொல்லவில்லை. வயசாகிறது, நாற்பத்து மூன்று ஆகிறதே என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

கோகிலா சண்டை போட்டுவிட்டு மறுபடி கொக்கி வைக்க உட்கார்ந்தாள். அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்க போத்திக்கினு இருக்கிறீங்க, நான் வெந்துக்கினு இருக்கிறேன். நம்ம ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தருக்கு உடம்பு சரியில்லக்கா."

அரக்குப் பட்டு

ஆவணி முகூர்த்தத்துக்கு வாலாஜாபாத்திலிருந்து ஒரு அம்மா பெண்ணின் கல்யாண ஜாக்கெட் கொண்டுவந்தார். அரிசி மில் வைத்திருக்கிற குடும்பம். அரக்குப் புடவை, அதோடு சேர்ந்து வந்த அதே நிற ஜாக்கெட் துணி. அந்தத் துணி மறுபடி கிடைக்காது. தறியில் அந்தப் புடவையோடு சேர்த்து நெய்தது, அவ்வளவுதான். நான் அளவைத் துணியில் குறித்தேன், கத்திரியை எடுத்தேன், வெட்டினேன். வெட்டி முடித்து இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது, தையலுக்கென்று ஓரத்தில் விடவேண்டிய துணியை விடவே இல்லை. சரியாக உடம்பளவுக்கே வெட்டியிருக்கிறேன். தைத்தால் இரண்டு அங்குலம் குறையும்.

புதுசாகத் தையல் படிக்கிற பெண்கள்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டார்கள். நான் அந்த மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. எப்படி மறந்தேன் என்பதுதான் புரியவில்லை. மறந்தது போலவும் இல்லை, அந்த இடத்தில் தலைக்குள்ளே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. கோகிலா அந்த அம்மாவிடம் சொல்லாமலே ஏதாவது பண்ணலாம் என்றாள். எனக்கு மனசு வரவில்லை. போன் பண்ணி வரச்சொல்லி, வெட்டின துணியை விரித்துக் காட்டி, என் தப்பு என்றேன். அழுதும் விட்டேன், அந்த நாட்களில் சும்மாவே அழுகை வந்தது.

அந்த அம்மா வெட்டின துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒரு வழி சொன்னேன். புடவையில் இடுப்பில் செருகுகிற உள்முனையில் அரை சாண் வெட்டினால், அதைப் பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிடலாம், வெளியே தெரியாது. கல்யாணப் புடவையில் கத்திரி வைக்க எந்த அம்மா சம்மதிப்பாள்? அவர் புடவையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் உள்முனையைத் தானே விரித்துக் கொடுத்தார். ஜாக்கெட் அளவாக உட்கார்ந்தது, பெண் சந்தோஷமாகப் போட்டுப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போகும்போது அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துல யாரும் அக்குளைப் பார்க்க மாட்டாங்கமா. நீ போயி கண்ணாடியில உன் மூஞ்சியைப் பாரு, வீங்கிக் கெடக்குது."

பதினெட்டு புள்ளி ஆறு

பார்த்தேன். கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது, எனக்கே என் முகம் யாருடையதோ போல இருந்தது. பக்கத்துத் தெரு லேபில் ரத்தம் கொடுத்தேன். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச். பதினெட்டு புள்ளி ஆறு, பக்கத்தில் அதிகம் என்று குறி. என் வீட்டுக்காரர் அன்வர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறார். அவர் போனை எடுத்து, தைராய்டு அதிகமானால் என்ன ஆகும் என்று தேடிப் படித்தார். உடம்பு இளைக்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. எனக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் அந்தக் காகிதத்தோடு லேபுக்கே திரும்பப் போனார். பெயர் சரிதான், டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தைராய்டு கம்மி என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது இல்லையாம். வேலை செய், வேலை செய் என்று மூளைக்குக் கீழே இருக்கிற சின்னச் சுரப்பி கழுத்துச் சுரப்பிக்கு அனுப்புகிற உத்தரவாம். கழுத்துச் சுரப்பி சோம்பலாக இருந்தால் உத்தரவு கூடிக்கொண்டே போகும். அதே காகிதத்தில் கீழே டி4 என்று ஒரு வரி, அதில் குறைவு என்று குறி இருந்தது. நாங்கள் அந்த வரி வரைக்கும் போகவே இல்லை. மாத்திரை எழுதினார், ஆறேழு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். மறதி, அழுகை, குளிர், மலச்சிக்கல் எல்லாம் இதனால் வரக்கூடியதுதான் என்றார். எனக்கு அதைக் கேட்டு நோய் வந்த வருத்தத்தைவிட, நான் கெட்டுப்போன டெய்லர் இல்லை என்கிற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அன்வர் படியிறங்கும்போது காகிதத்தை மறுபடி விரித்தார். "அப்ப இது ஏறினா கம்மி, எறங்கினா ஜாஸ்தி. நேரா எழுதினா இவங்களுக்கு என்ன கஷ்டமாம்?"

வெறும் வயிறு

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது. டீயும் அதில் சேர்த்தி. கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். இது ஒரு வழியாகப் பழகினபோது நோன்பு மாசம் வந்துவிட்டது. அதிகாலை சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதா, அது நிறைந்த வயிறு. நோன்பு திறக்கும்போது போடுவதா, அப்போது அரை மணி கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரம்மாவைக் கேட்டேன். நிறுத்தவே கூடாது, சஹருக்கு எழுந்திருக்கிற நேரத்துக்கு அரை மணி முன்னால் எழுந்து போட்டுவிடுங்கள், தினமும் ஒரே மாதிரி இருந்தால் சரி என்றார். அப்படியே செய்தேன். கடையில் இதைக் கோகிலாவிடம் சொன்னபோது அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "மாத்திரைக்கு ஒரு அரை மணி, சோத்துக்கு ஒரு அரை மணி. தூங்கவே கூடாதுன்னு சொல்லிட்டா சுலபமா இருக்குமேக்கா."

முடி மாத்திரை

இதற்கு நடுவில் சுமதி மேடமும் என் பேச்சைக் கேட்டு டெஸ்ட் எடுத்து, அவருக்கும் அதே நோய் என்று தெரிந்து, வேறொரு டாக்டரிடம் அதே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து மாத்திரையின் அளவை ஒப்பிடுவோம், அவருக்கு ஐம்பது மைக்ரோகிராம், எனக்கு எழுபத்தைந்து என்று. மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்தாலும் முடி கொட்டுவது மட்டும் நிற்கவில்லை. அவர்தான் ஒரு முடி மாத்திரை சொன்னார். மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமலே கிடைத்தது, நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பெருநாள் கழித்து எடுத்த டெஸ்டில் என் டி.எஸ்.எச். கிட்டத்தட்ட சைபர். அன்வர் இந்த முறை தெளிவாக, இறங்கினால் ஜாஸ்தி என்றார். ஆனால் எனக்கு அன்றைக்கும் குளிர், அன்றைக்கும் தூக்கம். டாக்டரம்மா நாடி பிடித்தார், கையை நீட்டச் சொல்லி நடுங்குகிறதா என்று பார்த்தார். காகிதம் ஒன்று சொல்கிறது, ஆள் ஒன்று சொல்கிறாரே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். முடி மாத்திரையை மாத்திரை என்றே நான் நினைக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்றேன். சத்து மாத்திரை, முடி மாத்திரை எதுவானாலும் சொல்லுங்கள் என்ற பிறகுதான் பையிலிருந்து எடுத்தேன். அதில் இருக்கிற பயோட்டின் என்கிற சத்து ரத்தத்தில் இருந்தால் சில டெஸ்டுகளில் நம்பர் தப்பாக வருமாம். ஒரு வாரம் அதை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஏழு புள்ளி இரண்டு. பழைய காகிதத்தை நம்பியிருந்தால் தைராய்டு மாத்திரையைக் குறைத்திருக்க வேண்டியவர், கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே சுமதி மேடத்துக்குப் போன் பண்ணினேன். அவர் தன் கதையைச் சொன்னார். போன மாசம் அவருக்கும் நம்பர் இறங்கியிருக்கிறது என்று அவருடைய டாக்டர் ஐம்பதை இருபத்தைந்து ஆக்கியிருந்தார். அதிலிருந்து கால் வீங்குகிறது, பஸ் படி ஏற முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறார். நாளைக்கே முடி மாத்திரை டப்பாவை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். போகிறேன் என்றார், ஆனாலும் போனை வைக்கவில்லை. "அப்ப நான் பத்திரமா ஃபைல்ல வெச்சிருக்கிற அந்த ரிப்போர்ட்டு என்னோடதா பர்வீன், முடி மாத்திரையோடதா?"

டீச்சர்

சுமதி மேடத்துக்கு மறுபடி டெஸ்ட் எடுத்து, பழையபடி ஐம்பது ஆக்கிவிட்டார்கள். பஸ் படி ஏறுகிறார். இந்தத் தைரியத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அளவெடுக்க வருகிறவர்களையெல்லாம் கழுத்தைப் பார்த்து, கையைத் தொட்டுப் பார்த்து, டெஸ்ட் எடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வருகிற ஒரு டீச்சர், நான் அளவெடுக்கும்போதே கொட்டாவி விட்டார். அவரிடமும் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட்டோடு வந்து என் மேஜை மேல் விரித்தார். டி.எஸ்.எச். இரண்டு சொச்சம், டி4 சரி, எதற்கும் பக்கத்தில் குறி இல்லை. நான் மூன்று தரம் படித்தேன், அவருக்குக் கோபமா சந்தோஷமா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. சோர்வுக்கு ரத்தம் குறைவு, தூக்கக் கேடு என்று நூறு காரணம் இருக்கலாம், டாக்டரைக் கேளுங்கள், டெய்லரைக் கேட்காதீர்கள் என்று ஒப்புக்கொண்டேன். கேட்கிறேன் என்று காகிதத்தை மடித்தவர், மடித்தபடியே நின்றார். "எல்லாம் நார்மல்னு போட்டிருக்குது. அப்ப நான் ஏன்மா தூங்கிக்கினே இருக்கிறேன்?"

ஆக, தினமும் காலையில் அந்தத் துளியூண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, அது உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று முழுசாகப் புரியாமலேயே நான் நன்றாக இருந்துகொண்டிருக்கிறேன்.