சிவப்புக்கு அடியில் ஓடிய நீலக் கோடு

ராமநாதபுரத்தில் எங்கள் தொழிற்கூடத்துக்குக் கணினி வந்தபோது நான் ஓய்வு பெற நான்கு ஆண்டுகள் இருந்தன. அதுவரை மின்சுற்றுப் பலகைகளைத் தாளில்தான் வரைந்தோம். திரையில் மேல்பக்கச் செம்புக் கோடுகள் சிவப்பு, அடிப்பக்கத்தவை நீலம், திருகுகள் சாம்பல். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இந்த அடுக்குகள் ஒவ்வொன்றும் எவ்வளவு ஊடுருவித் தெரியவேண்டும் என்பதை மவுஸால் கூட்டிக் குறைக்கலாம்.

தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த ஒப்பந்தப் பணியாளர்தான் எங்கள் ஒரே வரைவாளர். அந்தப் பெண் எல்லா அடுக்கையும் பாதி ஊடுருவலில் வைத்தே வேலை செய்வார். சிவப்பும் நீலமும் சேர்ந்த இடமெல்லாம் கத்தரிக்காய் நிறம். எனக்கு அது அழுக்காகப் பட்டது. முழு நிறத்தில்தான் வைக்கவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டேன். அதைப் பெற வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

“இப்படி வச்சா சிவப்புக்கு அடியில என்ன ஓடுதுன்னே தெரியாது சார்.”

“அதுக்குத்தானம்மா ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியா அச்செடுத்துப் பாக்குறோம்.”

“தனித்தனியா பாத்தா எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கும்.”

அந்த ஆண்டு, நாட்டுப்படகுக்குள் தண்ணீர் ஏறினால் அலறும் பெட்டி ஒன்று செய்தோம். மூன்று அடுக்குகளின் தாள்களையும் விதிப்படி பார்த்து டிக் அடித்தேன்.

சில மாதங்களில் பாம்பன் படகுக்காரர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நல்ல பெட்டி சார். முழங்கால் மட்டும் தண்ணி ஏறியும் பதறலயே!” நல்லவேளை, ஆளுக்குச் சேதமில்லை.

அவர் போனதும் கோப்பைத் திறந்து சிவப்பை மங்கவைத்தேன். பலகையை அடியிலிருந்து இறுக்கும் திருகின் சாம்பல் வட்டம், நீலக் கோடு ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தது. படகு குலுங்கக் குலுங்கத் திருகின் தலை மேல்பூச்சைச் சுரண்டிச் செம்பைத் தொட, பெட்டி ஊமையாகிவிட்டது.

மேலிடத்திலிருந்து விசாரணைப் படிவம் வந்தது. வரைந்தவர் யார்? அந்தப் பெண். சரிபார்த்தவர்? நான். விதிப்படி சரிபார்க்கப்பட்டதா? ஆம். ஒரு பொய்கூட எழுதவில்லை. மேலிடம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அனுபவச் சான்றிதழ் வாங்க வந்த அன்று கேட்டார்: “படிவத்துல என்ன சார் எழுதுனீங்க?”

“கேட்டதுக்கெல்லாம் பதில் எழுதினேன்.”

“முழு நிறத்துல வைக்கச் சொன்னது நீங்கதான்னு?”

“அதை யாரும் கேக்கலயேம்மா.”

சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “வாரேன் சார்” என்று கிளம்பினார்.

படிவத்தின் கடைசியில் குறிப்புரைக்கென்று அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். அதில் ‘ஏதுமில்லை’ என்று எழுதியிருந்தேன். பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடாதபடி, மிச்ச இடத்தில் குறுக்காக ஒரு கோடும் இழுத்திருந்தேன்.