ஊற்றுக்கு மேலே வெட்டிய குழி

அந்த ஊரில் என்னை யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் சுகாதார இன்ஸ்பெக்டராக நான் சேர்ந்த புதிது. கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்ற பகுதியின் சிற்றூர் ஒன்றில் பொதுக் கக்கூஸ் கட்டச் சொல்லி அனுப்பினார்கள். அடிவாரத்திலிருந்து அரை நாள் நடந்து ஏறினேன். கால் கழுவக்கூட ஒருவரும் தண்ணீர் தரவில்லை.

ஊருக்கு ஒரே ஊற்று. அதற்குச் சற்று மேலே பாறையில்லாத மண்மேடு. வெட்டச் சுலபம் என்று அங்கேயே குழிக்கு அளவு போட்டேன். சாமைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள்.

“ஏனுங்க, அங்க வெட்டாதீங்க. மழை பேஞ்சா மேட்டுத் தண்ணி பூராவும் ஊத்துக்குத்தானுங்க வரும்.”

“படிச்சது நானா, நீயா? போய் உன் வேலையைப் பாரு.”

“படிச்சவங்க இந்தத் தண்ணியக் குடிக்கப் போறதில்லீங்களே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாசில்தாரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி, ஊராரையே வெட்டவைத்தேன். காட்டுப் பக்கம் ஒதுங்கியவர்களை வழிமறித்துத் திட்டிக் கக்கூஸுக்கு அனுப்பினேன். மலையிறங்கி வந்து மேலதிகாரிக்குப் பெருமையாக எழுதிப் போட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. சில நாளில் ஊருக்குள் வாந்திபேதி. மருந்துப் பெட்டியோடு நான் ஏறிப் போவதற்குள் மூன்று பேர் செத்திருந்தார்கள். ஒருவர் அந்தப் பெண்ணின் புருஷன். அவள் ஊற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டுவந்து என்முன் நீட்டினாள்.

“குடிங்க.”

ஊரே சுற்றி நின்றது. தண்ணீர் நாறியது.

“அங்கே வெட்டினது என் தப்பு” என்றேன்.

“அது எங்களுக்குத் தெரியுமுங்க. நீங்க குடிங்க.”

என் கை எழவில்லை. செம்பை என் காலடியில் கவிழ்த்துவிட்டு நடந்தாள். அப்போதும் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. இன்று அதைச் சொல்லக் கூசுகிறது.

ஊரில் யாரும் எனக்கு மண்வெட்டி தரவில்லை. அடிவாரத்து ராவுத்தர் கடையில் வாங்கிவந்து, குழியில் கிடந்ததை வாளியால் அள்ளித் தொலைவில் புதைத்தேன். சுண்ணாம்பு கொட்டி மூடினேன். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. வேடிக்கை பார்க்க எல்லோரும் வந்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் வேறோர் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள்.

மறுவருஷம் ஊற்றைச் சுற்றிக் கல் கட்ட உத்தரவு வாங்கிப் போனேன். புதுக் குழியை எங்கே வெட்டலாம் என்று அவளைத்தான் கேட்டேன். பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் களையெடுக்கப் போனாள். வேலை முடிந்து இறங்கும்போது ஊர்க்கவுண்டர் மட்டும் ஊரெல்லை வரை வந்தார்.

“கல்லுக்கட்டு நல்லாயிருக்குதுங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க.”

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.