எழுநூறில் வேகும் சோறு

முந்நூறைத் தாண்டியதும் பூமாலை உலையில் அரிசியைப் போட்டாள். எழுநூறில் கேசட்டின் ஒரு பக்கம் முடியும், சோறும் வெந்திருக்கும்.

தியாகதுருகம் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய அவளுடைய ரெக்கார்டிங் கடையில் கடிகாரம் கிடையாது. மெஷினின் நெற்றியில் பச்சையாக எரியும் நான்கு இலக்க எண்தான் அவளுக்கு மணி. பக்கத்தில் பொடி விளக்குகள் ஒன்றையொன்று துரத்திச் சுற்றினால் டேப் ஓடுகிறது. அசையாமல் நின்றால் எங்கோ சிக்கிக்கொண்டது. கேசட் எப்போது கிடைக்கும் என்று யாராவது கேட்டால், "ஐந்நூறு வரட்டும், டீ குடிச்சிட்டு வா" என்பாள். பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கும் அதே கணக்குதான்: "நானூத்தி இருபதுல பூட்ச்சே."

கரும்பு லோடு ஏற்றப் போகும் அவள் புருஷன் பழனி, தன் முகத்தைவிட அந்த நம்பரைத்தான் அவள் ஜாஸ்தி பார்க்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான். அவள் மறுத்ததில்லை. "அது வரேன்னா வந்துடும். இந்த ஆளு வரேன்னா வர்றாரா?"

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் கள்ளக்குறிச்சிச் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. எல்லாக் கடையும் அடைப்பு. பூமாலை மட்டும் ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டுக் கேசட் ஏற்றிக்கொண்டிருந்தாள். பாட்டு அல்ல, நடவுக்குப் போகிற செவ்வந்தி, கூலியை உயர்த்தக் கேட்டுப் பேசிய பேச்சு. நோட்டீஸ் அடித்தால் படிக்க ஆளில்லாத தெருக்களுக்குக் கேசட்தான் தோது. விடிந்தால் நடவு. அதற்குள் போய்ச் சேராவிட்டால் பழைய கூலிக்கே எல்லோரும் வயலில் இறங்கிவிடுவார்கள்.

ஷட்டருக்கடியில் குனிந்து வந்த சின்னதுரைக்கும் அது தெரியும். மறியலில் முன்னால் நிற்கிறவன். நஞ்சைக்காரர் வீட்டுப் பிள்ளை. அடைப்பன்று கடை நடத்துவது தப்பு என்று ஆரம்பித்தவன் மெல்ல விஷயத்துக்கு வந்தான்.

"செவ்வந்தி பேசுனதயா ஏத்திக்கினு கீற? நிறுத்துக்கா."

"இப்ப ஐந்நூத்தி எண்பது. எழுநூறுல தானா நிக்கும். அப்ப வா."

"வெளாடறியா?"

பூமாலை கரண்டியோடு திரும்பினாள். "உங்களுக்குப் பங்கு வோணும்னு ரோட்டுல குந்திக்கினு கீறீங்க. கேளுங்க, வாணாங்கல. அவளும் அவளுதக் கேக்கறா. கேக்கற வாயி உனக்கு மட்டுந்தான் கீதா?"

சின்னதுரை எட்டிக் கையை நீட்டினான். ஷட்டர் ஓரத்து மீட்டரிலிருந்து வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பச்சை எண் அணைந்தது. துரத்திக்கொண்டிருந்த விளக்குகளும் போயின. கரண்ட் போனால் டேப் எங்கே நின்றது என்பதே மறந்துபோகும் மெஷின் அது.

"இப்ப எத்தினி நம்பர்க்கா?" என்றான்.

பூமாலை அரிசி டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அரிசி உதிர உதிர இன்னொரு பீஸ் கட்டை வெளியே வந்தது. அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு மீட்டரில் அதைச் செருகினாள்.

"கொழஞ்ச சோத்த நீதான் துண்ணுட்டுப் போவணும்" என்றாள்.

நான்கு சுழியங்கள் எரிந்தன. பேச்சு இருந்த கேசட், ஏறிக்கொண்டிருந்த கேசட் இரண்டையும் ஆரம்பத்துக்குச் சுற்றினாள். ஷட்டரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். வெளியே ரோட்டில் உட்கார்ந்திருந்த மறியல்காரர்கள் அத்தனை பேரும் எண்ணைப் பார்க்கும்படி மெஷினைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துப் பட்டனை அழுத்தினாள். பிறகு மீட்டருக்கடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.