கடைசி வரிசையில் நின்றவர்

நான் கண்ணால் கண்டதையும், ஓர் ஓவியத்துக்கு உரியவர்கள் சொல்லக் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். பிறர் உடைமைக்கு என்னால் நேர்ந்த கேடு இது. ஊகத்தைக் கலந்தால் என் பிழை சிறுத்துவிடும்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் நடந்தது. நான் பள்ளி ஆசிரியை. அடுத்த வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் பொறியாளர். பிரான்சில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய ஓவியத்தை ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். பாரிஸ் நகரத்து எளிய மக்கள் இரவில் கூடிப் பாட்டுக் கேட்கும் கூடம். தொட்டால் கையில் ஒட்டும் கறுப்புக் கிரேயானால் வரைந்தது. மேடையில் பாடகி, மேலே விளக்குகள், முன்னே நெருக்கமாகத் தலைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டினது என்று பின்புறத்தில் ஒட்டிய சீட்டு சொன்னது. பயணத்தில் கண்ணாடி உடைந்துவிட்டது. அவர் மீண்டும் கப்பலுக்குப் புறப்பட்ட மறுநாள், எனக்குத் தெரிந்த கடையில் புதுக் கண்ணாடி போட்டுத் தருமாறு அவர் மனைவி அதை என்னிடம் கொடுத்தார்.

"தொடச்சிராதீங்க டீச்சர். கப்பலேறிட்டேன்னு அவுக போன் பண்ணுத வரைக்கும் அவுக சாமான்ல துணி படக்கூடாது."

"தூசியோடயா கண்ணாடி போடணும்?"

"நீங்க படிச்சவுக, சிரிப்பிய."

சிரிக்கத்தான் செய்தேன். ஒருவரை வழியனுப்பிய உடனே வீட்டைப் பெருக்காத வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. கடலோடிகள் வீட்டில் அது இன்னும் கண்டிப்பு.

நிலக்கரி ஏற்றிய சரக்குந்துகள் ஓடும் சாலை எங்களுடையது. ஆடிக் காற்றில் சுவரெல்லாம் கறுக்கும். துடைப்பது எங்களுக்கு அன்றாட வேலை. படத்தின் மூலையில் மங்கலான கருமையைக் கண்டதும் கரித்தூள் என்றே எண்ணி மெல்லிய துணியால் துடைத்தேன். துணி கறுத்தது, மகிழ்ந்து மேலும் துடைத்தேன். மூலை முழுதும் வெளுத்த பிறகுதான், அடியில் ஒரு சப்பாத்துக் கால் மட்டும் தனியே நிற்பதைக் கண்டேன்.

மறைத்திருக்கலாம். அன்று மாலையே கொண்டுபோய்ப் பொறியாளரின் மனைவியிடம் காட்டினேன். அவர் படத்தை வாங்கி மூலையைப் பார்த்தார்.

"டீச்சர், அது அவுகல்லா! 'கடைசில நிக்குதவன் நான்தாம்ளா'ன்னு சொல்லித்தான வாங்கிட்டு வந்தாவ."

நான்கு நாள் அழைப்பு வரவில்லை. அவர் என்னை ஏசவில்லை. கைப்பேசியை மடியிலேயே வைத்திருந்தார். அந்த நம்பிக்கையில் எனக்குப் பங்கில்லை. ஆயினும் மாலைதோறும் அவர் அருகே போய் அமர்ந்தேன். அச்சத்தில் பங்கு இருந்தது.

ஐந்தாம் நாள் நண்பகலில் கைப்பேசி ஒலித்தது. அவர் பேசி, அழுது முடித்ததும் நானே வாங்கி நடந்ததை அவர் கணவரிடம் சொன்னேன்.

"கால விட்டுட்டு ஆள மட்டும் தொடச்சியளா? விடுங்க டீச்சர், பாட்டு முடியுமுன்ன அவன கப்பலுக்குக் கூப்புட்டிருப்பாவ" என்று சிரித்தார். பிறகு, "அவன் தொப்பி போட்டிருந்தானா? எனக்கே மறந்துட்டு" என்று கேட்டார்.

வரைந்தவர் யார் என்பது இன்றும் தெரியாது. மூலையில் நின்றவர் தொப்பி அணிந்திருந்தாரா என்பதும் தெரியாது. துடைக்கும் முன் நான் அவரைப் பார்க்கவே இல்லை.