மாறுவார் என்ற சொல்லும் ஜெசிந்தா அக்காவும்

பஸ் சுசீந்திரம் தாண்டும்போது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஜெசிந்தா அக்கா காலையில் இறந்துவிட்டார் என்றார்கள். நம்பாமல் இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். 

எங்கள் குடும்ப ஆலோசனை மையத்தில் அடிபட்ட மனைவியோடு அக்கா பேசுவார். அடித்த கணவனோடு நான். மையத்தில் எங்கள் இருவரையும் தெரிந்த உங்களுக்கு எங்கள் ஓயாத சண்டையும் தெரியும். அவன் மனம் மாறினால் வீடு மாறும் என்பது என் கட்சி. வீடு மாறியதா என்பதை அவள்தான் சொல்லவேண்டும் என்பது அவர் கட்சி. கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைக்க லேசில் சம்மதிக்கமாட்டார்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஊரும் பேரும் வேண்டாம். குடியை விட்டார், கை ஓங்குவதையும் விட்டார், என் முன்னால் தேம்பி அழுதார். இனி இருவரையும் சேர்த்து உட்காரவைக்கலாம் என்று அக்காவிடம் அடம்பிடித்தேன். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த மனைவி இருந்த அறைக்குப் போய், வீட்டில் எப்படி என்று கேட்டார்.

"இப்பம் கெஞ்சினா மாறுவாரு" என்றாள் அவள்.

எனக்கு வாயெல்லாம் பல். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நம் தக்கலைப் பக்கத்தில் மாறு என்றால் விலகி நில் என்றும் பொருள் அல்லவா?

"எங்க இருந்து மாறுவாரு மக்ளே?"

"வாசல்ல இருந்துதான். சண்டை வந்தா கதவ மறிச்சுல்லா நிப்பாரு."

வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "அவ கெஞ்சாம அவன் மாறி நிக்கட்டு மக்கா. பொறவு சேர்த்து இருத்தலாம்" என்றார்.

அன்றே அவள் பிள்ளைகளோடு தன் தங்கை வீட்டுக்குப் போனாள். அதன்பின் அவர்கள் சேரவில்லை. குடும்பத்தைப் பிரித்துவிட்டீர்கள் என்று பலநாள் அக்காவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கணவர் என்னிடம் வரும் நாளெல்லாம், "அவன் வல்லதும் தின்னானா?" என்று அவன் பசியை விசாரித்து டீ அனுப்பியவரும் அக்காதான். அவருக்கு அவன்மேல் வெறுப்பில்லை. நம்ப அவசரமும் இல்லை.

மனிதன் மாறுவான் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் நேற்று ஒரு கணவர் என் முன் அழுதபோது, அவரை இருக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் அவர் மனைவியிடம், வீட்டில் எப்படி என்று கேட்டேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். அவள் பதில் சொன்னதும், அது போதாது என்று என்னோடு மல்லுக்கட்ட அக்கா வேண்டியிருந்தது.