துவக்கோடு நின்றவர் கேட்ட கேள்வி

அது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. நோர்வேயில், துரொண்ட்ஹெய்ம் நகரத்துச் சிநேகிதி ஒருத்தியின் புதுவீட்டுக் குடிபூரலுக்கென்று ஒஸ்லோவின் ஸ்டோவ்னரிலிருந்து விடியவே காரில் வெளிக்கிட்டோம். கணவர் ஓட்டினார். பின்சீற்றில் நானும், ஒஸ்லோவில் பிறந்த பத்து வயது மகளும்.

காட்டுப் பாதையில் பனிப்புகார் மூடியிருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் வீதியோரத்தில் ஒருவர் துவக்கோடு நின்றார். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்தும் இப்படியா என்று நினைத்தேன். கணவர் காரை நிறுத்தி, முன்விளக்கை அணைத்து, உள்ளே லைற்றைப் போட்டு, கண்ணாடியை இறக்கி லைசென்ஸை வெளியே நீட்டினார். யாழ்ப்பாணத்தில் ஆமியின் சோதனைச் சென்றியில் செய்வதெல்லாம் ஒன்று பிசகாமல் நடந்தது. நான் மட்டும் என்ன திறமா? மகளின் தலையை மடிக்குள் அமுக்கிப் பிடித்தேன்.

"விடுங்கோ அம்மா. அவர் எல்க் மான் சுட வந்து நிக்கிறார். இப்ப வேட்டைக் காலமெல்லோ," என்றாள் அவள்.

உண்மைதான். செம்மஞ்சள் தொப்பி போட்ட வேட்டைக்காரர். லைசென்ஸை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு வெட்கம் வந்தால் கூடவே கோபமும் வரும். இறங்கி, என்னுடைய அரைகுறை நோர்வேஜிய மொழியில் பொரிந்து தள்ளினேன். சனம் போய்வருகிற தெருவில் துவக்கோடு நிற்பது என்ன நியாயம்? அவர் பொறுமையாகச் சொன்னார்: இங்கே வேட்டைக்கு அனுமதி இருக்கிறது, தெருப் பக்கம் சுடமாட்டார், சட்டப்படி பிழையில்லை.

"சட்டம் உங்களுக்குத் தெரியும். காரில் வருகிறவனுக்குத் துவக்கு மட்டும்தான் தெரியும்," என்றேன்.

அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கணவரிடம், ஏன் உள்ளே லைற்றைப் போட்டாய் என்று கேட்டார்.

எங்கள் பயம் பிள்ளைக்கு ஒட்டக்கூடாது என்று பத்து வருசமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்த மனிசன், அந்தக் காட்டுக்குள் வைத்து வாயைத் திறந்தார். எங்கள் ஊரில் லைற் போடாமல் வந்தால் சுடுவார்கள், என் தம்பி போட மறந்துவிட்டான் என்றார். சித்தப்பா எப்படிச் செத்தார் என்று மகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் முன்னுக்கு எட்டித் தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இஞ்சை ஒருத்தரும் அப்பிடிச் சுடமாட்டினம்."

"ஓம் பிள்ளை. எனக்குத் தெரியும். கைக்குத்தான் இன்னும் தெரியேல்லை."

வேட்டைக்காரர் துவக்கிலிருந்த குண்டுகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு கேட்டார்:

"நான் எங்கே நின்றால் உங்களுக்குப் பயமில்லாமல் இருக்கும்?"

துவக்கு வைத்திருந்த எவரும் அதுவரை எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. கணவர் காரை விட்டு இறங்கி, சரிவில் மரங்களுக்கு நடுவே தெரிந்த ஒரு பாறையைக் காட்டினார். வேட்டைக்காரர் நடந்துபோய் அதனருகில் நின்று திரும்பிப் பார்த்தார்.

இன்னும் கொஞ்சம் தள்ளி என்று கணவர் கையைக் காட்டினார். அவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்.