மட்டன் ரோலோடு போன பல்

கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். அங்கே தந்த மட்டன் ரோலைக் கடித்தபோது, என் கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த உலோக உறை கழன்று, இறைச்சியோடு தொண்டைக்குள் இறங்கிவிட்டது. நானோ வெள்ளவத்தையில் உயிரியல் ரியூசன் வகுப்பு நடத்துகிறவன். உணவை நன்றாக மென்று விழுங்க வேண்டும் என்று சொல்லித்தான் சமிபாட்டுப் பாடத்தையே தொடங்குவேன்.

"ஏனப்பா முழிக்கிறியள்?" என்றாள் மனைவி.

"பல்லு உறையை விழுங்கிப் போட்டன்."

"ஐயோ! அது வயித்துக்குள்ள கரையுமோ?"

கேள்வி என்று ஒன்று வந்தால் சும்மா இருக்க என்னால் முடியாது. வீடு திரும்பும் பஸ்ஸில் முழுப் பாடத்தையும் எடுத்தேன். ரோலின் மாவையும் உருளைக்கிழங்கையும் உமிழ்நீர் வாயிலேயே உடைக்கத் தொடங்கும். இறைச்சியை இரைப்பையின் அமிலமும் நொதியமும் பார்த்துக்கொள்ளும். எண்ணெயைப் பித்தம் சின்னத் துளிகளாக்கிக் கொடுக்க, கணையச் சாறு மிச்ச வேலையை முடிக்கும். சத்தைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ளும். பல் உறையைக் கவனிக்க மட்டும் அங்கே ஒருவரும் இல்லை. மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முன்சீற்றுக்காரர்தான் அக்கறையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் பல் வைத்தியரிடம் போனோம்.

"இருமல், மூச்சு முட்டல் ஒண்டும் இல்லைத்தானே? அப்ப வயித்துக்குள்ளதான். எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுப்பம். தானா வெளியில வரும். கவனமாத் தேடி எடுத்தா, கிருமி நீக்கி அதையே திருப்பி ஒட்டலாம்."

"திருப்பி வாயிலயோ?" என்றாள் மனைவி.

"வேற எங்க?" என்றார் அவர்.

எக்ஸ்ரேயில் உறை வெள்ளையாய், கம்பீரமாய்க் குடலுக்குள் இருந்தது. என்னுடைய உள்ளுறுப்புகளை நான் நேரில் பார்த்தது அதுவே முதல் தடவை. மனைவி தேத்தண்ணி வடிக்கிற தன் பழைய வடியை எனக்குத் தந்து, "இதை இனி குசினிப் பக்கம் கொண்டு வராதேங்கோ" என்றாள். அதன் பிறகு குளியலறைக்குள் நான் செய்த ஆராய்ச்சியைப் பட்டப்படிப்பில்கூடச் செய்ததில்லை. கடைசியில் அது வந்தது. எந்த அமிலமும் தொடாத பளபளப்போடு வந்தது.

"கிடைச்சிட்டுது!" என்று உள்ளே நின்று கத்தினேன்.

"கத்தாதேங்கோ, பக்கத்து ஃபிளட்டுக்குக் கேக்கும்."

வைத்தியர் சொன்னபடியே ஒட்டிவிட்டார். மனைவி பல நாட்களாக என் தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாகவே கழுவி வைத்தாள். நான் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பல்லில் நாக்குப் படுகிற நேரங்களில், அவள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது.